ஷகீரா ஆங்கிலத்தில் பாடியதால்தான் பெரிய ஆள் ஆனாரா?

7 ஜூன் 2025, மாலை (வாசகர் கேள்வி)

"பலரும் ஷகீராவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. 2001-ல் ஆங்கிலத்துக்கு மாறாமல் இருந்திருந்தால் கொலம்பியாவுக்கு வெளியே அவரை யாருக்கும் தெரிந்திருக்காது. கறுப்பு முடியைப் பொன்னிறமாக்கினார், இடுப்பை ஆட்டினார், ஆங்கிலத்தில் பாடினார், உலகப் புகழ் வந்தது. இதற்கு மேல் அந்தக் கதையில் ஏதாவது உண்டா?"

7 ஜூன், இரவு

உண்டு. நிறைய உண்டு. 2001 நவம்பரில் அவருடைய முதல் ஆங்கில ஆல்பமான 'லாண்டரி சர்வீஸ்' வெளிவந்தபோது அவருக்கு வயது 24. அதற்குள் ஸ்பானிஷில் நான்கு ஸ்டுடியோ ஆல்பங்கள் வந்துவிட்டன. நியூயார்க்கில் 'எம்டிவி அன்பிளக்ட்' நிகழ்ச்சியை முழுக்க ஸ்பானிஷிலேயே நடத்தி, அந்தப் பதிவுக்கு 2001 தொடக்கத்தில் கிராமியும் வாங்கியிருந்தார். ஆங்கில ஆல்பம் என்று ஒன்று வருவதற்கு முன்பே வந்த கிராமி அது. மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை ஒரு கண்டமே அவர் பாட்டை மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தது. நமக்குத் தெரியாததால் யாருக்குமே தெரியாது என்று ஆகிவிடாது.

8 ஜூன்

அவருடைய முதல் இரண்டு ஆல்பங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும்.

13 வயதில் சோனி கொலம்பியாவோடு மூன்று ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டார். 1991-ல் 'மாஹியா', 1993-ல் 'பெலிக்ரோ'. இரண்டும் விற்கவில்லை. முதலாவதில் இருந்தவை சிறுமியாக அவரே எழுதிய பாட்டுகள். ஆனால் அவற்றுக்கு எந்த இசை உடுப்பு போடுவது என்பதில் அவர் பேச்சு எடுபடவில்லை. இரண்டாவது அவருக்கே பிடிக்கவில்லை, விளம்பரத்துக்குக்கூட முழு மனதாகப் போகவில்லை. பின்னாளில் இவ்வளவு புகழ் வந்த பிறகும் அந்த இரண்டையும் மறுபடி கடைக்குக் கொண்டுவர அவர் விரும்பவில்லை.

நடுவில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். அப்புறம்தான் அந்த ஒரு பாட்டு, 'டோண்டே எஸ்டாஸ் கொராசோன்'. உள்ளூர் ராக் பாடகர்களைச் சேர்த்து சோனி போட்ட ஒரு கூட்டுத் தொகுப்புக்குக் கொடுத்தது. வானொலியில் பிடித்துக்கொண்டது. அந்தத் தெம்பில்தான் மூன்றாவது ஆல்பம். லூயிஸ் ஃபெர்னாண்டோ ஓச்சோவாவும் அவரும் உட்கார்ந்து எழுதினார்கள், இந்த முறை பாணியும் அவர் விருப்பப்படி. 1995-ல் 'பியெஸ் டெஸ்கால்சோஸ்' வந்தது. ஒப்பந்தத்தின் கடைசி ஆல்பம் அது. 18 வயதுப் பெண், கையில் இரண்டு தோல்விகள். அந்த நிலையில் யாராக இருந்தாலும் பெரியவர்கள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் எதிர்த்திசையில் போனார்.

நான் மதுரைப் பக்கம் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் நீண்ட காலமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். எந்தப் பாட்டு, எந்த வேகம், எந்த ஆட்டம் என்று மேடைக்குக் கீழே இருப்பவர் முடிவு செய்யும்போது பாடகர் முகத்தில் என்ன நடக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாய் பாடும், ஆள் அங்கே இருக்க மாட்டார். 'பியெஸ் டெஸ்கால்சோஸ்' கேட்கும்போது ஆள் அங்கேயே இருக்கிறார். அதனால்தான் இந்தப் பெண்ணின் மீது எனக்கு இத்தனை மரியாதை.

8 ஜூன், இரவு

குரலைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்துச் சேர்ந்திசைக் குழுவில் அவரைச் சேர்க்கவில்லை. குரலில் அதிர்வு அதிகம், மற்றக் குரல்களை அமுக்குகிறது என்பது காரணம். ஆடு கத்துவது மாதிரி இருக்கிறது என்று கூடப் படித்த பிள்ளைகள் கேலி செய்தார்கள். அந்த அதிர்வைத்தான் இன்று உலகம் ஒரு நொடியில் அடையாளம் காண்கிறது. கீழ் ஸ்தாயியில் கனமாகத் தொடங்கி, மேலே ஏறும்போது குரல் ஓர் இடத்தில் வேண்டுமென்றே உடையும். பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர்கள் முதலில் திருத்தப் பார்ப்பது அந்த உடைசலைத்தான். அவர் அதைத் திருத்திக்கொள்ளவே இல்லை.

9 ஜூன்

"பாரன்கியாவில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஷகீரா பிறந்த ஊர். மக்தலேனா ஆறு கரீபியன் கடலில் சேரும் இடத்துத் துறைமுகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் அந்தக் கடற்கரையில்தான் வந்து இறங்கினார்கள். ஷகீராவின் அப்பா வில்லியம் மெபாரக் அப்படி ஒரு லெபனான் குடும்பத்தின் பிள்ளை. பிறந்தது நியூயார்க்கில், வளர்ந்தது கொலம்பியாவில். அம்மா நிதியா ரிப்போல் உள்ளூர்க்காரர். நான்கு வயதில் ஓர் அரபு உணவகத்தில் தர்புக்கா மேளம் கேட்டு மேஜை மேல் ஏறி ஆடினாராம். அந்த இடுப்பாட்டம் அமெரிக்கச் சந்தைக்காக 2001-ல் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், அந்தக் கடற்கரை ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் கடற்கரை. கும்பியா, மபாலே, சம்பேட்டா என்ற ஆட்டப்பாட்டுகள் எல்லாம் தெருவிலேயே இருக்கும். வருடா வருடம் கார்னவல், ஊரே முகமூடி போட்டு இறங்கிவிடும். எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் இளவயதில் பத்திரிகை வேலை பார்த்த ஊர் இதுதான். அவர் 1999-ல் ஷகீராவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஒரே கடற்கரைக்காரர் என்ற பாசம் மட்டும் அதற்குக் காரணமாக இருந்திருக்காது. அந்தப் பெண்ணின் அசுர உழைப்பு அவருக்குப் பிடித்திருந்தது என்பது படித்தால் தெரியும்.

அப்பாவின் நகை வியாபாரம் அவர் சிறுமியாக இருந்தபோது நொடித்துப்போனது. வீட்டில் கார் போனது, சாமான்கள் போயின. மகள் சோர்ந்து உட்கார்ந்தபோது அப்பா ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போய், செருப்பில்லாமல் பசை முகர்ந்துகொண்டிருந்த தெருப் பிள்ளைகளைக் காட்டினார். 'பியெஸ் டெஸ்கால்சோஸ்' என்றால் வெறுங்கால்கள். அதே பெயரில் 1997-ல் அவர் தொடங்கிய அறக்கட்டளை கொலம்பியாவில் பள்ளிகளைக் கட்டுகிறது. புகழ் உச்சத்துக்குப் போய்க் களைத்த பிறகு தொடங்கிய தர்மம் இல்லை. 20 வயதில் தொடங்கியது.

10 ஜூன்

கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்து, "சரி, ஆனால் எமிலியோ எஸ்டெஃபான் இல்லாமல் மியாமி கதவு திறந்திருக்குமா?" என்கிறார்.

திறப்பது கடினம்தான். எஸ்டெஃபான் பெரிய ஆள். மியாமியில் லத்தீன் பாப் என்றாலே அவர் அலுவலகம்தான் என்று இருந்த காலம். 1998-ல் வந்த 'டோண்டே எஸ்டான் லோஸ் லாட்ரோனெஸ்' ஆல்பத்துக்கு அவர்தான் நிர்வாகத் தயாரிப்பாளர். ஆனால் அந்தத் தலைப்பைப் பாருங்கள்: திருடர்கள் எங்கே? கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் விமான நிலையத்தில் எழுதி வைத்திருந்த பாட்டு வரிகளோடு பெட்டி திருடு போனது. திரும்ப எழுதினார். திருட்டு என்பதையே ஆல்பத்தின் பெயராக்கினார். ஊழல் மலிந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு இன்னொரு காரமும் இருந்தது. எந்தத் தயாரிப்பாளரும் இதை வாங்கித் தர முடியாது.

அதில் 'ஓஹோஸ் அசி' என்ற பாட்டில் அரபு மேளமும் அரபு வரிகளும் வருகின்றன. 2000-ல் முதல் லத்தீன் கிராமி விழாவில் அதைப் பாடி ஆடினார், அதற்கே விருதும் வாங்கினார். கொலம்பியப் பெண் ஸ்பானிஷிலும் அரபியிலும் பாடுவதை அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டியது. அப்போதும் ஆங்கில ஆல்பம் வரவில்லை.

10 ஜூன், இரவு

தூங்கப் போகும்முன் தோன்றியது, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஸ்பானிஷைத் தாண்டி அவர் முதலில் பிடித்த சந்தை எது? பிரேசில். 1997-ல் வந்த ரீமிக்ஸ் ஆல்பத்தில் தன் பாட்டுகளைப் போர்ச்சுகீசில் பாடியிருக்கிறார். பிரேசில் ரசிகர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டார்கள். பேட்டிகளில் போர்ச்சுகீசில் சரளமாகப் பேசுவார். ஆக ஆங்கிலத்துக்கு நான்கு வருடம் முன்பே இதே வேலையை இன்னொரு மொழியில் செய்து பார்த்துவிட்டார். உலகச் சந்தை என்றால் அமெரிக்காவும் இங்கிலாந்தும் மட்டும்தான் என்று நாம் வைத்திருக்கும் கணக்கில் இந்த ஊர்களெல்லாம் வருவதே இல்லை.

12 ஜூன்

இப்போது ஆங்கிலத்துக்கு வருகிறேன். 1999-ல் ரிக்கி மார்ட்டின், என்ரிக்கே இக்லேசியாஸ், மார்க் ஆண்டனி என்று லத்தீன் பாடகர்கள் எல்லாரும் வரிசையாக ஆங்கிலத்தில் வந்து ஜெயித்தார்கள். கம்பெனிகளுக்கு அவசரம். ஸ்பானிஷ் பாட்டைக் கொடு, யாராவது ஆங்கிலத்தில் எழுதுவார்கள், வாயசைத்துப் பாடு என்பதுதான் சுலப வழி. எமிலியோவின் மனைவியும் பாடகியுமான கிளோரியா எஸ்டெஃபானே 'ஓஹோஸ் அசி' பாட்டை அவருக்காக ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். 'உன்னால் முடியும்' என்று தைரியம் கொடுத்தவரும் அவர்தான்.

ஷகீரா என்ன செய்தார்? உட்கார்ந்து ஆங்கிலம் படித்தார். அகராதிகளை வைத்துக்கொண்டு, வால்ட் விட்மன் கவிதைகளையும் லெனார்ட் கோஹெனையும் படித்தார். பாட்டுப் பல்லவிக்கு வேண்டிய இருநூறு சொல்லைக் கற்றுக்கொண்டு விட்டுவிடவில்லை. காதலையும் கோபத்தையும் அந்த மொழியில் தானே யோசித்து எழுத முடியும் என்ற இடம் வரை போனார். அதனால் 1998 ஆல்பத்துக்கும் ஆங்கில ஆல்பத்துக்கும் நடுவில் மூன்று வருடம் ஓடியது. சூடு ஆறுவதற்குள் விற்க நினைக்கும் ஒரு தொழிலில் மூன்று வருடம் என்பது பெரிய துணிச்சல்.

'வென்எவர் வேர்எவர்' பாட்டில் தன் உடம்பை மலைகளோடு வைத்து ஒரு வரி எழுதியிருப்பார். ஆங்கில விமர்சகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும். ஆங்கிலமே தாய்மொழியான தொழில்முறைப் பாடலாசிரியர் யாரும் அப்படி எழுதத் துணிய மாட்டார். ஒரு மொழிக்குள் வெளியிலிருந்து வந்து, அதன் கூச்சங்கள் தெரியாமல் புழங்குகிறவருக்கு மட்டும் கிடைக்கும் சுதந்திரம் அது. பாட்டு அமெரிக்காவில் 6-ஆம் இடம், பிரிட்டனில் 2-ஆம் இடம், பல நாடுகளில் முதலிடம். ஆல்பம் ஒரு கோடிக்கு மேல் விற்றது.

முடி நிறத்தைப் பற்றி: அதைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் முதலில் அவருடைய பழைய ரசிகர்களே. அமெரிக்காவுக்காகத் தன்னை விற்றுவிட்டார் என்றார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. நம்மோடு இருந்த ஒருவர் எல்லாருக்கும் பொதுவாகிப் போகும்போது வலிக்கும். ஆனால் அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர் மேடையில் 'ஏசி/டிசி' குழுவின் ராக் பாட்டைப் பாடினார், பழைய ஸ்பானிஷ் பாட்டுகளையும் விடவில்லை. முடி மாறியது, ஆள் மாறவில்லை.

12 ஜூன், சற்றுப் பிறகு

"'வென்எவர் வேர்எவர்' பாட்டில் வரும் கம்பி வாத்தியம் மாண்டலின்தானே?" இல்லை, சரங்கோ. ஆண்டிஸ் மலைநாட்டு வாத்தியம், இரண்டிரண்டாக ஐந்து ஜோடி, மொத்தம் 10 தந்தி. பழைய காலத்தில் ஆர்மடில்லோ என்ற விலங்கின் ஓட்டில் செய்வார்கள். கூடவே ஒலிப்பது மலைநாட்டுப் புல்லாங்குழல். அமெரிக்காவில் முதல் அடி எடுத்து வைக்கும் பாட்டிலேயே சரங்கோவை முன்னால் நிறுத்தியிருக்கிறார். மேடையில் அதை வாசிக்க என் கீபோர்டில் எவ்வளவோ டோன் மாற்றிப் பார்த்திருக்கிறேன், அந்தச் சிலுசிலுப்பு வருவதே இல்லை. அடுத்த முறை காதை அங்கே வைத்துக் கேளுங்கள்.

14 ஜூன்

என்னைக் கேட்டால் அவர் உண்மையில் ஜெயித்த வருடம் 2005.

ஆங்கிலத்தில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு அடுத்ததாக எதைக் கொடுத்தார்? முழு ஸ்பானிஷ் ஆல்பம், 'ஃபிஹாசியோன் ஓரல்' முதல் பாகம். அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் எடுத்ததுமே 4-ஆம் இடத்தில் இறங்கியது. அலெஹாந்த்ரோ சான்ஸோடு பாடிய 'லா டோர்டூரா' லத்தீன் பட்டியலில் 25 வாரம் முதலிடத்தில் நின்றது, ஆங்கிலப் பாட்டுகளோடு போட்டியிடும் பொதுப் பட்டியலிலும் 23 வரை ஏறியது. அந்த வருட எம்டிவி விருது விழாவில் அதை ஸ்பானிஷிலேயே பாடினார். ஆங்கிலத்தில் ஒரு பிரதி போட்டுக் கொடுக்கவில்லை.

கதவு திறந்ததும் உள்ளே போய்ச் சோபாவில் உட்கார்ந்துகொள்ளாமல், தன் ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தவர் என்று அவரை நான் நினைப்பது இதனால்தான். ஆங்கிலத்தால்தான் புகழ் என்பவர்கள் 2005-ஐ எங்கே வைப்பார்கள்?

14 ஜூன், இரவு

"1996-ல் மக்கரீனா 14 வாரம் முதலிடத்தில் இருந்ததே, அதுவும் ஸ்பானிஷ்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. அமெரிக்காவில் அப்படி ஓடியது ஆங்கில வரிகள் சேர்த்த ரீமிக்ஸ். அதற்கு முன் 1987-ல் 'லா பாம்பா' முதலிடம் போனது. 1995-ல் பாடகி சலேனாவின் கடைசி ஆல்பம் முதலிடத்தில் இறங்கியது. ஆனால் அந்தப் பெண் அதற்குள் இறந்துபோயிருந்தார், அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. ஆக வழி முன்பே இருந்தது, ஆனால் நடந்து தேயாத வழி. ஷகீரா அதில் திரும்பத் திரும்ப நடந்தார். 2017-ல் வந்த 'டெஸ்பசீட்டோ' பாட்டுக்கும் 2020-ல் முழு ஸ்பானிஷ் ஆல்பத்தோடு பாடகர் பேட் பன்னி முதலிடம் பிடித்ததற்கும் அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல மாட்டேன். இணையம், யூடியூப், அமெரிக்காவில் பெருகிய லத்தீன் மக்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆனாலும் அவர் பெயரை விட்டுவிட்டு அந்த வரலாற்றை எழுத முடியாது.

15 ஜூன்

'ஹிப்ஸ் டோன்ட் லை' பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 2005 இறுதியில் வந்த இரண்டாவது ஆங்கில ஆல்பத்தில் அந்தப் பாட்டு கிடையாது. எதிர்பார்த்த அளவு ஆல்பம் போகாததால் 2006-ல் இதைச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். ராப் பாடகர் வைக்ளெஃப் ஜான் ஏற்கெனவே 2004-ல் ஒரு படத்துக்குச் செய்திருந்த பாட்டின் மறுபிறவி. ஆரம்பத்தில் வரும் ட்ரம்பெட், ஜெர்ரி ரிவேராவின் 1992 சல்சா பாட்டிலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் ஷகீராவின் முதல் முதலிடம். பாட்டு வரியில் பாரன்கியா பெயர் வரும், வீடியோவில் அந்த ஊர்க் கார்னவல் வேஷங்கள் வரும். உலகமே ஆடிய பாட்டில் தன் சொந்த ஊர்த் தெருவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

2007 மார்ச்சில் மும்பையில் கச்சேரி. எங்கள் ட்ரூப் டிரம்மர் ரயிலேறிப் போனார். திரும்பி வந்து ஷகீராவைப் பற்றிப் பேசவே இல்லை, அவருடைய டிரம்மர் பிரெண்டன் பக்லியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வாத்தியக்காரர்களைப் பல வருடம் கூடவே வைத்துக்கொள்ளும் பாடகர் என்றால் எங்களுக்குத் தனி மரியாதை.

18 ஜூன்

2010 கால்பந்து உலகக் கோப்பைப் பாட்டான 'வாகா வாகா'வைப் பற்றிக் கேட்டீர்கள். 2010-ல் எந்தக் கல்லூரி விழாவுக்குப் போனாலும் அது வாசிக்காமல் மேடையை விட்டு இறங்க விட மாட்டார்கள். எனக்கு அந்தப் பாட்டின் மேல் அன்பும் உண்டு, சங்கடமும் உண்டு.

பல்லவி அவருடையது இல்லை. கேமரூன் நாட்டு 'கோல்டன் சவுண்ட்ஸ்' குழுவின் 1986 பாட்டு 'ஸாங்கலேவா'விலிருந்து வந்தது. சிப்பாய்கள் அணிவகுத்துப் பாடும் பாட்டு அது. ஆப்பிரிக்காவில் நடக்கும் முதல் உலகக் கோப்பைக்குக் கொலம்பியப் பாடகியா என்று தென்னாப்பிரிக்காவில் முணுமுணுப்பு எழுந்தது. கேப் டவுன் குழுவான 'ஃப்ரெஷ்லிகிரவுண்ட்' கூடப் பாடினார்கள். கேமரூன் குழுவினரோடு பிறகு உடன்பாடு ஏற்பட்டு அவர்கள் பெயரும் பாட்டில் சேர்ந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது அது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் அந்தப் பாட்டு அவர் காதுக்கு எப்படிப் போனது என்பது ஒரு அருமையான கதை. கொலம்பியாவின் கரீபியன் கரையில் 'பீக்கோ' என்று வண்ணம் பூசிய ராட்சச ஸ்பீக்கர் பெட்டிகள் உண்டு. கப்பல் வழியாக வந்த ஆப்பிரிக்க இசைத்தட்டுகளை வாங்கிவந்து தெருவில் அலற விடுவார்கள். சம்பேட்டா இசை பிறந்ததே அப்படித்தான். 'ஸாங்கலேவா'வை டொமினிக்கப் பெண்கள் குழு ஒன்றும் எண்பதுகளிலேயே தங்கள் ஊர் ஆட்ட இசையான மெரெங்கே ஆக்கி ஸ்பானிஷில் பாடிவிட்டது. அந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பல்லவி ஊர்ப்பாட்டு மாதிரி. ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியனுக்குப் போன மெட்டு, 24 வருடம் கழித்து ஜோஹன்னஸ்பர்க் மைதானத்துக்குத் திரும்பியது. பெயர் போடாதது தவறு, அந்த மெட்டின் மேல் அவருக்கு இருந்த உறவு பொய் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

19 ஜூன்

வரி வழக்கு: 2012 முதல் 2014 வரை ஸ்பெயினில் வரி கட்டாததாக வழக்கு. 2023 நவம்பரில் பார்சிலோனாவில் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு உடன்பாட்டுக்கு வந்தார். 70 லட்சம் யூரோவுக்கு மேல் அபராதம், நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. கேட்டதால் எழுதினேன். பாட்டின் தரத்தை இது கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

21 ஜூன்

2020 சூப்பர் பவுல் (அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம்) இடைவேளையில் கேமரா முன்னால் நாக்கை ஆட்டி ஒரு சத்தம் எழுப்பினாரே, இணையம் முழுக்கக் கேலி செய்தார்களே, அது என்ன என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அரபுப் பெண்கள் கல்யாணத்திலும் கொண்டாட்டத்திலும் எழுப்பும் ஒலிம்மா அது. நம் ஊர்ப் பெண்கள் முளைப்பாரியின்போது குலவை போடுகிறார்களே, அதேதான். நாக்கை நீட்டும் வேஷம் பாரன்கியா கார்னவல் ஆட்டத்திலும் உண்டு. அன்று அவருக்கு 43-ஆவது பிறந்தநாள். அமெரிக்காவின் மிகப் பெரிய மேடையில் பாட்டிமார்களின் சத்தத்தையும் சம்பேட்டா ஆட்டத்தையும் கொண்டுபோய் வைத்தார். குலவை கேட்டு வளர்ந்த நமக்கு அதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றக் கூடாது.

24 ஜூன்

நண்பர் கடைசியாக, "சரி, எங்கிருந்து கேட்பது?" என்று கேட்டுவிட்டார். எனக்கு மிகவும் சந்தோஷம்.

'லாண்டரி சர்வீஸ்' வேண்டாம், அது உங்களுக்குத் தெரியும். முதலில் 1998 ஆல்பம், முழுதாக, வரிசை மாற்றாமல். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து அன்பிளக்ட். 'சியேகா சோர்டோமூடா'வுக்கு மெக்சிகோ மரியாச்சி குழுவையே மேடையில் ஏற்றியிருப்பார், ட்ரம்பெட் வரும் இடத்தில் கூட்டம் அலறுவதைக் கேளுங்கள். பிறகு 'பியெஸ் டெஸ்கால்சோஸ்', அப்புறம் 2005 ஸ்பானிஷ் ஆல்பம். கடைசியாக 2023-ல் அர்ஜென்டினாவின் இசைத் தயாரிப்பாளர் பிஸாராப்போடு செய்த பாட்டு. பிரிந்துபோன துணையை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் பாட்டு, 45 வயதில், முழுக்க ஸ்பானிஷில். அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 9-ஆம் இடம் வரை போனது.

நல்ல ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ் ஸ்தாயி கேட்காது.